மணலுக்குள் ஒரு பிரயாணி

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அண்மையில், நகரத்தின் வடபுறத்தே, தென்னையும் வேம்பும் நிழல் விரிக்கும் வெண்மணற் பரப்பில் அமைந்துள்ள அமிர்தகழி என்னும் ஊரை அறியாத ஈழத்துச் சைவர் சிலரே இருப்பர். அங்கே கோயில் கொண்டருளும் மாமாங்கேஸ்வரருக்கு ஆடி அமாவாசையன்று நடைபெறும் தீர்த்தோற்சவமும், அத்தீர்த்தக் குளத்தில் பிதிர்க்கடன் செலுத்த நாலா திசைகளிலிருந்தும் வந்து குழுமும் ஜனத்திரளும், இராமபிரான் இவ்விடத்தில் இலிங்கம் அமைத்துப் பூஜித்தான் என்று வழங்கும் ஐதிகமும் அவ்வூரின் பெயரைத் தீவெங்கும் பரப்பியிருக்கின்றன. நானும் அந்த உற்சவத்தை உத்தேசித்தே கொழும்பிலிருந்து உதயதேவி ரயிலில் ஏறினேன். ஆனால், கோயிலுக்குப் பின்புறத்து ஒழுங்கையொன்றில், ஒரு மூதாட்டியின் வீட்டு வளவில், பிடுங்கியெடுத்த கத்தரிச் செடியொன்றின் வேரில் நான் கண்டது, உற்சவத்தைக் காட்டிலும் அதிகமாக என் சிந்தையை ஆட்கொண்டுவிட்டபடியால், இந்தக் கட்டுரை அதைப் பற்றியே அமைகிறது.

ஆடி மாதம் மட்டக்களப்பில் கச்சான் காற்றின் மாதம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் மழையையெல்லாம் பொழிந்துவிட்டு, ஈரமற்ற வெறுங்காற்றாகக் கிழக்கே இறங்கி, படுவான்கரை வயல்வெளிகளைக் கடந்து, வாவியின் நீர்ப்பரப்பையும் தாண்டி, எழுவான்கரை மணலில் வந்து வீசும்போது, நடுப்பகலில் வெளியே தலைகாட்டுவோர் குறைவு. அந்தக் காற்றிலும் அந்த மணலிலும் பயிர் செய்து பிழைக்கும் குடும்பங்கள் இக்கரை நெடுகிலும் உண்டு. மணலைச் சில அடி தோண்டினாலே நன்னீர் ஊறும். அந்நன்னீர், மழைக்காலத்தில் மணலில் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பது. அதை வாளியாலும் சிறு நீரிறைக்கும் இயந்திரத்தாலும் மொண்டு, கத்தரி, மிளகாய், வெண்டி, தக்காளி, பயிற்றை என்று மரக்கறிகளை ஆண்டு முழுவதும் விளைவிக்கிறார்கள். ஒரு பாத்தி அறுவடையாவதற்குள் பக்கத்துப் பாத்தியில் அடுத்த நாற்று நடப்பட்டுவிடும். நிலத்துக்கு ஓய்வென்பதே இல்லை. வளவு சிறிது, குடும்பம் பெரிது என்கிறபோது ஓய்வு கொடுக்கச் சொல்வதும் எளிதன்று.

என்னை அந்த வளவுக்கு அழைத்துச் சென்றவர், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பயின்று, இப்போது விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றும் நண்பர். வளவின் சொந்தக்காரியான மூதாட்டியை அவர் ‘பெரியம்மா’ என்று அழைத்தார். நானும் அவ்வாறே அழைத்தேன். கத்தரிச் செடிகள் நின்ற நிலை பரிதாபமாயிருந்தது. பாத்தியின் ஒரு மூலையில் ஏறத்தாழ வட்டமாக ஒரு கூட்டம், குள்ளமாகி, மஞ்சள் பூத்து, இலைகள் தொங்கி நின்றது. அதற்கு அப்பால் நின்றவை ஓரளவு பசுமையாக இருந்தன.

“கச்சான் காத்து அடிச்சா இப்பிடித்தான் மனே, உச்சி வெயிலுக்குச் சோந்து போகும், பின்னேரம் தண்ணி ஊத்தினா எழும்பிடும்,” என்றார் பெரியம்மா. “போன வருசம் எழும்பினது. இந்த வருசம் எழும்புறதில்ல. கிணத்துத் தண்ணியில உப்பு ஏறிட்டோ தெரியா.”

உப்பைப் பற்றிய அவருடைய சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வாவிக்கு அப்பாலுள்ள நாவலடியையும் கல்லடியையும் துவம்சம் செய்தபோது, இக்கரைக் கிணறுகளில் கடல்நீர் புகுந்ததும், அவற்றை இறைத்து இறைத்துச் சுத்திகரித்ததும் இங்குள்ளோர் நினைவில் இன்னும் நிற்கும் சங்கதிகள். அன்றுமுதல் பயிர் எதனால் வாடினாலும் முதற்பழி உப்பின்மேலும் இரண்டாம் பழி காற்றின்மேலும் விழுவது வழக்கமாகிவிட்டது. மூன்றாவதாக யாரேனும் அயலவரின் கண்ணூறு. நண்பர் இவை ஒன்றையும் மறுத்துப் பேசவில்லை. “பெரியம்மா, ஒரு கண்டைப் புடுங்கிப் பாப்பமா?” என்று மட்டும் கேட்டார். வாடிய கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செடியொன்றை, இழுத்து அறுத்துவிடாமல், மண்வெட்டியால் சுற்றிலும் கிளறி, மணலோடு சேர்த்துத் தூக்கி, வாளித் தண்ணீரில் மெல்ல அலசி எடுத்தார்.

இயல்பாக மெல்லிய நார்களாய்ப் படர்ந்திருக்க வேண்டிய வேர்கள், முடிச்சு முடிச்சாய் வீங்கி, உருத்திராக்க மாலையைக் கோத்தாற்போலத் தொங்கின. சில முடிச்சுகள் கடுகளவு. சில, ஒன்றோடொன்று கூடிச் சுண்டுவிரற் பருமன். நீரை உறிஞ்சும் மயிர்வேர்கள் அநேகமாக இல்லை. பெரியம்மா அந்த வேரைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். “வேருக்கும் வருத்தம் வருமா மனே?” என்று அவர் கேட்ட கேள்வியில், இந்த விஷயத்தின் துயரம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. நாற்பது ஆண்டு தோட்டம் செய்த கைகள் அவை. இலையை அவர் அறிவார், பூவை அறிவார், பூச்சியை அறிவார். காய்ப்பு முடிந்து அழித்துப் போடும் செடியின் வேரை மட்டும் நின்று நோக்க அவருக்கு அவகாசம் வாய்க்கவில்லை. வேரைப் பாராமல் இலைக்கு வைத்தியம் செய்யும் இந்தப் பழக்கம் அவருக்கு மட்டும் உரியதன்று. மருந்துக்கடையில் இலை ஒன்றைக் காட்டி மருந்து வாங்குவோரும், அந்த இலையை மட்டும் பார்த்து மருந்து விற்போரும் சேர்ந்து இந்நாட்டில் வளர்த்துவிட்ட பெரும் பழக்கம் அது.

பயிற்றை, கச்சான் கடலை, பயறு முதலியவற்றின் வேரிலும் முடிச்சுகள் உண்டே என்று வாசகர் கேட்கலாம். அவை வேறு. காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு ஊட்டும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் அம்முடிச்சுகள் வேரின் பக்கத்தில் ஒட்டினாற்போல நிற்பவை. விரலால் உருட்டினால் உதிர்ந்துவிடும். நறுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். பெரியம்மாவின் கத்தரியில் நாம் கண்ட முடிச்சோ வேரே வீங்கிய வீக்கம். அதை உருட்டி உதிர்க்க முடியாது; வேரைத்தான் ஒடிக்க முடியும்.

நண்பர் தம் பையிலிருந்து உருப்பெருக்குக் கண்ணாடியொன்றை எடுத்து, வீக்கத்தின் மேற்புறத்தில் பழுப்பு நிறத்தில் பளபளத்த ஒரு சிறு பசைத்துளியைக் காட்டினார். அது முட்டைக் கூடு. அதனுள்ளே சாதாரணமாக இருநூறு முதல் ஐந்நூறு வரை முட்டைகள் இருக்குமாம். ஒவ்வொரு முட்டையினின்றும் வெளிப்படுவது, ஒரு மில்லிமீட்டரில் பாதி நீளமும் இல்லாத, கண்ணுக்குப் புலனாகாத ஒரு புழு. நூற்புழு என்று விவசாய நூல்கள் கூறும் பெருங்கூட்டத்தில் வேர்முடிச்சு நூற்புழு என்னும் வகையைச் சார்ந்தது. மணற்றுகளைச் சூழ்ந்திருக்கும் நீர்ப்படலத்தினூடே நெளிந்து சென்று, இளவேரின் நுனியை அடைந்து, வாயிலுள்ள கூரிய முள்ளால் துளைத்து உட்புகுந்து, வேரின் நடுவே நீரும் உணவும் ஓடும் குழாய்களுக்கருகில் தலையை வைத்துக்கொண்டு அது நிலையாகத் தங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு நிகழ்வதுதான் சிருஷ்டியின் விசித்திரங்களுள் ஒன்று. புழு தன் உமிழ்நீரை வேரின் சில உயிரணுக்களில் செலுத்த, அவை பிளவுபடாமலே தம் கருக்களை மட்டும் பெருக்கிக்கொண்டு, பூதாகாரமாய் வளர்ந்து, புழுவுக்கு உணவு சுரக்கும் மடைப்பள்ளிகளாகிவிடுகின்றன. பயிர் தன் இலையில் வெயிலை வாங்கிச் சமைத்த அன்னத்தையெல்லாம் அந்த மடைப்பள்ளிக்கு அனுப்புகிறது. பழத்துக்குப் போக வேண்டியது புழுவுக்குப் போகிறது. பெண்புழு பருத்துக் குடுவை வடிவம் கொண்டு, கால மாற்றமும் இட மாற்றமும் இன்றி, இருந்த இடத்திலேயே முட்டையிட்டு மடிகிறது. வெப்ப தேசங்களில் மிகுதியாகக் காணப்படும் இனத்தில் ஆண்புழுவின் உதவியும் இதற்கு வேண்டியதில்லை. ஆகவே ஒரே ஒரு புழு புகுந்தாலும் ஒரு வமிசம் தோன்றிவிடும். இருபத்தேழு, இருபத்தெட்டுப் பாகை வெப்பத்தில் முட்டை முதல் முட்டை வரை ஒரு தலைமுறைக்கு மூன்று நான்கு வாரங்களே போதும் என்பதை அறிந்தபின், ஒரு கத்தரிப் பயிரின் ஆயுளுக்குள் எத்தனை தலைமுறைகள் அடங்கும் என்று கணக்கிடும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

அமிர்தகழி மணல் இந்த ஜீவராசிக்கு ஏன் இத்தனை உவப்பாயிருக்கிறது என்பதும் விளங்கிற்று. களிமண்ணில் அது நெளிந்து செல்ல இடைவெளி இல்லை, மணலில் உண்டு. வறண்ட மணலில் நீர்ப்படலம் இல்லை. நாள்தோறும் நீர் ஊற்றப்படும் பாத்தியில் உண்டு. குளிர்நாடுகளில் பனிக்காலம் அதன் பெருக்கத்தை நிறுத்திவைக்கும். இங்கே பனிக்காலமே இல்லை. 1987ஆம் ஆண்டில் ஸாஸர், ஃபிரெக்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், நூற்புழுக்களால் விளைச்சலில் ஏற்படும் நஷ்டத்தைப் பல நாடுகளின் நிபுணர்களிடம் கேட்டுத் தொகுத்தபோது, செல்வம் மிக்க நாடுகளில் அது 8.8 சதவீதம் என்றும், வளர்முக நாடுகளில் 14.6 சதவீதம் என்றும் மதிப்பீடு கிடைத்தது. வளர்முக நாடுகளென்று அவர்கள் குறித்தவற்றுள் மிகப்பல நம்முடைய வெப்ப மண்டலத்தில் இருப்பவை.

இதைக் காட்டிலும் என்னை வருத்திய செய்தி தக்காளியைப் பற்றியது. தென்னமெரிக்கக் காட்டுத் தக்காளியொன்றில் இந்தப் புழுவை எதிர்க்கும் குணம் ஒன்று உண்டென்று கண்டு, 1944ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஸ்மித் என்னும் ஆராய்ச்சியாளர், அக்காட்டினத்தையும் நாட்டினத்தையும் கலந்து, பிழைக்காத வித்தின் கருவைத் தனியே எடுத்து வளர்த்து, அந்தக் குணத்தைத் தோட்டத் தக்காளிக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் விற்கப்படும் எதிர்ப்புச் சக்தியுள்ள தக்காளி வகைகள் அந்த ஒரு கலப்பின் சந்ததிகள். ஆனால் மண்ணின் வெப்பம் இருபத்தெட்டுப் பாகையைக் கடந்தால் அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடுகிறது. குளிர்நாட்டு விவசாயிக்குக் கவசமாக நிற்பது, கச்சான் வீசும் பகலில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும் நம் கரை மணலில் கைவிட்டுவிடும். விலையுயர்ந்த விதைப் பொட்டலத்தின் மேலுறையில் அச்சிட்ட வாக்குறுதியை நம்பி வாங்குவோரிடம் இந்த இருபத்தெட்டைப் பற்றிச் சொல்வார் வேண்டும்.

புழு தானாக நகர்ந்தால் ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் தூரம் செல்வதே அரிது என்று நண்பர் சொன்னார். அப்படியிருக்க, அது உலகம் முழுவதும் எப்படிப் பரவியது? கைகளால்தான், மனிதர் கைகளால். வேரோடும் கிழங்கோடும் வேரில் ஒட்டிய மண்ணோடும் கப்பலேறிய பிரயாணி அது. 1855ஆம் ஆண்டில் பெர்க்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார், இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த வெள்ளரிச் செடிகளின் வேரில்தான் இந்த முடிச்சுகளை முதலில் கண்டு எழுதினார். 1878ஆம் ஆண்டில் பிரேசில் தேசத்து ரியோ டி ஜெனீரோ மாகாணத்தில் காப்பித் தோட்டங்கள் காரணம் தெரியாமல் மாய்ந்தபோது ஜொபேர் என்னும் பிரெஞ்சுக்காரர் வேரில் புழுவைக் கண்டார். அடுத்த பத்தாண்டுக்குள் எமில் கோல்டி என்பவர் அதை விரிவாக ஆராய்ந்தார். அதே காலத்தில் இலங்கைக் காப்பியும் மாய்ந்துகொண்டிருந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். நமது காப்பியை அழித்தது 1869இல் தோன்றிய இலைத்துரு நோய். அது இலையில் மஞ்சட்பொடியாகக் கண்ணெதிரே தெரிந்தபடியால் உலகம் முழுவதும் அறிந்த சரித்திரமாயிற்று. பிரேசிலின் வேரில் நடந்ததை அறிஞர் சிலரே அறிவர்.

காப்பிக்குப் பின் வந்த தேயிலையையும் புழு விட்டுவிடவில்லை. சென்னை அரசாங்கத் தாவரவியலாளராயிருந்த பார்பர், நீலகிரிப் பக்கத்துத் தேவாலாவில் தேயிலை வேரில் இம்முடிச்சுகளைக் கண்டதாக 1901இல் அறிவித்தார். நமது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூஸ் என்பவர், முதிர்ந்த தேயிலையின் வேரைத் தாக்கும் தனி இனமொன்றை 1953இல் உலகுக்கு விவரித்தார். தேயிலை வேரை அரித்துப் புண்ணாக்கும் மற்றொரு நூற்புழுவுக்கு 1960இல் டச்சு அறிஞர் ஒருவர் இவருடைய பெயரையே சூட்டினார். மலைநாட்டுத் தேயிலைக்கு ஆராய்ச்சி நிலையம் இருந்தது, லூஸ் இருந்தார்; கரையோரக் கத்தரிக்கும் வெற்றிலைக்கும் அந்நாளில் யார் இருந்தார்கள் என்று கேட்காமலிருக்க என்னால் முடியவில்லை. ஏற்றுமதிப் பயிருக்கு விஞ்ஞானம் முதலில் போயிற்று. நம் சட்டிக்கு வரும் பயிருக்குப் பிந்தி வந்தது.

உருளைக்கிழங்கோடு தென்னமெரிக்க மலைகளிலிருந்து ஐரோப்பாவுக்கும் அங்கிருந்து பிற நாடுகளுக்கும் போன பொன்னிறக் கூட்டுப்புழு, 1961ஆம் ஆண்டில் ஜோன்ஸ் என்னும் ஆங்கில நிபுணரால் உதகமண்டலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் நீலகிரி விதைக்கிழங்கு மலையிறங்கக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. வாழைக் கிழங்கின் உள்ளே துளையிட்டு ஒளிந்திருந்து, குலை தள்ளும் வேளையில் மரத்தையே வேரோடு சாய்க்கும் மற்றொரு நூற்புழுவை, நேதன் கோப் என்பவர் 1893இல் பிஜித் தீவிலிருந்து விவரித்தார். கன்றுக் கிழங்குகளோடு அது வாழை பயிராகும் தேசங்களுக்கெல்லாம் போயிற்று. இதே புழு இந்தோனேசியாவின் பங்காத் தீவில் மிளகைப் பற்றி, இருபது ஆண்டுகளுக்குள் இரண்டு கோடிக்கு மேற்பட்ட கொடிகளை மஞ்சளாக்கி மாய்த்தது. தென்னையைச் செவ்வளைய நோயால் கொல்லும் நூற்புழுவொன்று அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலும் கரிபியன் தீவுகளிலும் உண்டு. வாவிக்கரைத் தென்னைகளை அண்ணாந்து பார்த்தபோது, அது இன்னும் இங்கே வந்து சேரவில்லை என்பதற்காகத் துறைமுகங்களில் தாவரங்களைச் சோதிக்கும் உத்தியோகத்தருக்கு மனத்துள் ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாள் நண்பரோடு தெற்கே பிரயாணமானேன். 1924ஆம் ஆண்டு கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்கு அருகே எழுந்திருக்கும் புதிய பாலத்தைக் கடந்து, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகக் களுதாவளையை அடைந்தபோது காலை வெயில் ஏறிவிட்டிருந்தது. களுதாவளை வெற்றிலைக்கும் மிளகாய்க்கும் பெயர்போன ஊர். வெற்றிலைத் தோட்டத்துக்குள் நுழைவது வெயிலிலிருந்து ஒரு மண்டபத்துக்குள் நுழைவதாகும்: கொழுகொம்புகளில் ஏறிய கொடிகள், தாழ்வாரமாய்க் கவிந்த நிழல், எப்போதும் ஈரமான மணல். மனிதருக்கு எத்தனை இதமோ அத்தனை இதம் நூற்புழுவுக்கும். ஈரம் குறைவதில்லை, பயிரோ ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நிற்பது, இளவேர் என்றும் கிடைக்கும். இந்தியாவின் வெற்றிலைத் தோட்டங்களில் வேர்முடிச்சு நூற்புழு பிரதான சத்துருவாகக் கணிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. புழு குத்திய காயத்தின் வழியே வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சணமும் நுழைந்துவிட்டால், கொடி சில வாரங்களில் கருகிவிடும். கத்தரியிலும் தக்காளியிலும் இதே வாசல் வழியாக வாடல் நோய்ப் பக்டீரியா நுழைகிறது. அப்போது பழி முழுவதும் பின்னால் வந்ததன்மேல் விழ, முன்னால் வந்து கதவைத் திறந்தது தப்பித்துக்கொள்ளும்.

மாலையில் மண்முனைப் பாலத்தின் வழியாகப் படுவான்கரைக்குச் சென்றோம். 2014இல் இப்பாலம் திறக்கும் வரை ஓடத்துக்குக் காத்திருந்த துறை அது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைத் தரிசித்துவிட்டு வயல்வெளிக்குள் இறங்கினால், எழுவான்கரையின் மணலுக்கும் இதன் களிகலந்த மண்ணுக்கும் உள்ள வேற்றுமை காலடியிலேயே தெரியும். பெரும்போகத்தில் வாரக்கணக்காக நீர் தேங்கி நிற்கும் வயலில், கத்தரியைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு மூச்சுமுட்டி மடிகிறது. ஆதலால் நெல் அறுத்த வயலில் சிறுபோகத்துக்கு மரக்கறி நடும் படுவான்கரை விவசாயி, தான் அறியாமலே ஒரு நல்ல வைத்தியம் செய்துகொள்கிறார். எனினும் நெல்லுக்கென்றே ஒரு வேர்முடிச்சு நூற்புழு உண்டு. 1965இல் அமெரிக்காவின் லூசியானாவில், நெல்லோடு நெல்லாய் முளைக்கும் ஒரு களைப்புல்லின் வேரில் கண்டு விவரிக்கப்பட்ட அது, முட்டையை வேருக்குள்ளேயே இடுவதால் நீர் தேங்கினாலும் பிழைத்துக்கொள்ளும்; வேரின் நுனியைக் கொக்கியாக வளைத்துவிடுவது அதன் அடையாளம். மழை பொய்த்து, குளத்து நீர் சுருங்கி, வயல் காய்ந்து காய்ந்து நனையும் வருடங்களில் அதன் கை ஓங்கும். 2000–2001 பெரும்போகத்தில் குருணாகல் மாவட்டத்து நிக்கவெரட்டியவில் அது பெருவாரியாகத் தோன்றியதை விவசாயத் திணைக்களத்தார் பதிவுசெய்திருக்கின்றனர். உன்னிச்சைக் குளத்து நீரை எதிர்பார்த்திருக்கும் வயற்காரர் இதை மனத்தில் வைத்திருப்பது நலம்.

மருந்து இல்லையா என்ற வினாவுக்கு வருகிறேன். மருந்து இருந்தது, அதன் சரித்திரம் அவ்வளவு சுகமானதன்று. 1943இல் ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்களுக்காக வால்டர் கார்ட்டர் என்பவர், எண்ணெய் ஆலையின் உபபொருளாகக் கிடைத்த திரவமொன்று மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்லக் கண்டார். அதன் பின்னே வந்த டீ.பி.சீ.பி. என்ற மற்றொன்று உலகத்து வாழைத் தோட்டங்களிலெல்லாம் ஊற்றப்பட்டது. 1977இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள், தமக்குள் பலருக்குப் பிள்ளைப்பேறு இல்லாதிருப்பதை ஒருவரோடொருவர் பேசிக்கொண்டபோதுதான், அம்மருந்து ஆண்களை மலடாக்குகிறது என்ற உண்மை வெளிப்பட்டது. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டத் தொழிலாளரின் வழக்குகள் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நடந்தன. மண்ணில் இடும் நஞ்சுகள் எங்கும் அபாயமே. சில அடி ஆழத்தில் குடிநீர் மிதந்துகொண்டிருக்கும் அமிர்தகழி போன்ற மணலில் இன்று இட்டது நாளை வாளியில் வரும். பாத்திக்கும் கிணற்றுக்கும் இடையே பெரியம்மாவின் வளவில் இருந்த தூரம் சில அடிகளே. இக்கரைக்கு மண்நஞ்சு ஆகாது என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்காக, 2021 மே மாதத்தில் அரசாங்கம் ஒரே ஆணையில் இரசாயன உர, மருந்துகளின் இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அந்த ஆணையையே விலக்கிக்கொண்ட அவசரத்தை நான் மெச்சுவதாக யாரும் எண்ண வேண்டாம். மாற்று வழியைக் கையில் கொடுக்காமல் பழைய வழியை அடைப்பது சீர்திருத்தமாகாது.

மாற்று வழிகள் உண்டு. அவற்றுள் எதுவும் அற்புதம் அன்று. நாற்றுமேடையின் மேல் வைக்கோலையும் உமியையும் மாறி மாறிப் பரப்பிக் கொளுத்தி, அந்த வெம்மையால் மேல்மண்ணைச் சுத்தப்படுத்தும் முறையை விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. 1976இல் இஸ்ரவேலில் கட்டான் என்பவர் நிரூபித்த வெயிற்சூட்டு முறை இதைவிடச் சுலபம்: நனைத்த பாத்தியை மெல்லிய தெளிந்த பொலித்தீனால் இறுக மூடி, வெயில் மிகுந்த மாதத்தில் சில வாரங்கள் விட்டுவிட்டால், சூரியனே மேல்மண்ணைச் சமைத்துவிடுகிறான். பெரியம்மா பழியிட்ட அதே வெயிலை இங்கே வேலைக்காரனாக அமர்த்திக்கொள்ளலாம். கச்சான் மாதம் அதற்கு உகந்த காலம். சணலை வளர்த்துப் பூப்பதற்கு முன் மண்ணில் மடக்கி உழுவதும், வேப்பம் புண்ணாக்கு இடுவதும் பயன் தருபவை. துலுக்கச் செவ்வந்தியின் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத பொருளொன்று இருப்பதை 1958இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்துக் காட்டினர். ஆயின், பாத்தியின் ஓரத்தில் நாலைந்து செவ்வந்தி நட்டால் புழு ஓடிவிடும் என்று சொல்வோரின் பேச்சை நம்ப வேண்டாம். பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதங்கள் வேறொன்றும் வைக்காமல் விட்டால்தான் அந்த வேர் தன் வேலையைச் செய்யும். மாமாங்கேஸ்வரர் கோயிலில் பூவுக்குக் கிராக்கி உள்ளபடியால் அதில் முற்றும் நஷ்டமும் இல்லை.

அமிர்தகழிக்குத் திரும்பி, உற்சவ வீதியில் வரிசையாக இருந்த கச்சான் கடைகளைக் கடந்தபோது நண்பர் இன்னொரு யோசனை சொன்னார். கத்தரியையும் தக்காளியையும் மிகுதியாகத் தாக்கும் இனம் கச்சான் கடலையின் வேரில் பெருக மாட்டாது. ஆதலால் ஒரு போகம் கச்சான் வைத்தால், அங்கே அதற்கு உணவில்லாமல் எண்ணிக்கை வீழ்ந்துவிடும். கச்சானையே தாக்கும் வேறோர் இனம் 1889இல் புளோரிடாவில் விவரிக்கப்பட்டிருப்பதால், முதலில் எந்த இனம் தன் மணலில் இருக்கிறது என்று அறிந்துகொள்வது உத்தமம். பெரியம்மா ஒரு பாத்தியைப் பொலித்தீனால் மூடவும், ஒரு பாத்தியில் கச்சான் வைக்கவும் ஒப்புக்கொண்டார். பிடுங்கிய செடிகளை வேலியோரத்தில் எறியாமல் வேரோடு வெயிலில் காயவைத்து எரிக்கவும் செய்தார்.

இத்தனைக்கும் பிறகு, அந்தப் பாத்திக்குப் புழு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, பெரியம்மா நாற்றுக்கு விதையிடும் வழக்கத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டார் என்பதும், சைக்கிளில் கொண்டுவந்து கட்டுக்கட்டாக விற்கும் நாற்றையே வாங்கி நட்டார் என்பதும் தெரியவந்தது. நாற்று எந்த ஊர் மண்ணில் முளைத்தது என்று விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. வாழையின் நூற்புழு கன்றுக் கிழங்கில் கப்பலேறியதைப் போலவே, வாவிக்கரையில் இது சைக்கிளேறி வந்திருக்கிறது. விதைநெல்லுக்குச் சான்றிதழ் உண்டு. மரக்கறி நாற்று மேடைகளுக்கும் மண்ணைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாட்டை விவசாயத் திணைக்களத்தார் இந்தக் கரையோரத்திலேயே தொடங்கினால் பேருபகாரமாகும். அது வரும்வரை, நாற்று வாங்கும் அன்பர்கள் கட்டிலிருந்து ஒரு கன்றை உருவி, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்து, ஒரு முடிச்சேனும் கண்ணில் பட்டால் அந்தக் கட்டை வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.